எரிபொருள் உட்செலுத்தலும் அமுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

1990ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் என்பது காண்டற்கும் அரிய பொருளாயிருந்தது. பொருளாதாரத் தடை நிலவிய அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயதைக் கடந்தோர் மறந்திரார். சிறு போத்தலிலே காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை முடுக்குவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயை ஏற்று ஓடும். பின்னாலே புகை எழும். மணம் மூக்கைத் துளைக்கும். பிளக்குகளை அடிக்கடி கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். ஆயினும் வண்டி ஓடிற்று. அப்பொழுது சிறுவனாயிருந்த யான், அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் காரை இவ்வாறு இயக்குவதை வேலியோரம் நின்று பார்த்ததுண்டு.

முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 2022ஆம் ஆண்டில், இலங்கை முழுவதற்கும் மற்றோர் எரிபொருட் பஞ்சம் வந்தது. இரவு பகலாக வரிசையிற் காத்திருந்தோம். பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்து, காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வரையறை செய்யப்பட்டது. அக்காலத்தில் என்னிடம் இருந்தது 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிற் செய்யப்பட்ட, எரிபொருளை உட்செலுத்தும் முறைமை கொண்ட ஒரு பழைய கார். பஞ்சம் ஓரளவு தணிந்த நாட்களில் அக்கார் ஒரு புதிய குணத்தைக் காட்டத் தொடங்கிற்று. ஊருக்குள் மெல்லச் சென்றாற் குறையொன்றுமில்லை. ஏ9 வீதியில் லொறியொன்றை முந்த எண்ணி வேகமிதியை அழுத்தினால் மட்டும் எஞ்சின் திக்கித் திணறும். வலப்புறம் விலகி முந்தத் தொடங்கியபின் வலு வராமற் போவதன் பொருள் என்ன என்பது, எதிரே பேருந்து வரக் கண்டவர்க்கே நன்கு விளங்கும்.

மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டது பழைய எந்திரம். நல்ல பெற்றோலைக் கொடுத்தும் திணறியது புதிய எந்திரம். இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று? வரலாறு கற்பிப்பவனாகிய யான் இவ்வினாவை வரலாற்று வினாவாகவே எடுத்துக்கொண்டேன். விடை முழுவதும் அமுக்கம் என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கக் கண்டேன்.

முதலிற் காபுரேற்றரை நோக்குவோம். 1893ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் மைபாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவரும் பெற்றோலைத் தூவிக் காற்றோடு கலக்கும் காபுரேற்றரை அமைத்தனர். அதன் தத்துவம் எளிது. எஞ்சினின் முசலங்கள் காற்றை இழுக்கும்போது, அக்காற்று ஒடுங்கிய கழுத்தொன்றினூடே விரைந்து செல்லும். விரைவு மிகும் இடத்தில் அமுக்கம் குறையும். அக்குறைவு, பக்கத்தே மிதவைக் கிண்ணமொன்றில் நிற்கும் பெற்றோலை ஒரு நுண்துளை வழியாக உறிஞ்சி எடுக்கும். காற்று மிகுந்தாற் பெற்றோலும் மிகும். காற்றுக் குறைந்தாற் பெற்றோலும் குறையும்.

இங்கு நாம் நின்று கவனிக்க வேண்டியது மிதவைக் கிண்ணத்தையே. தாங்கியிலிருந்து பெற்றோலைக் கொணரும் பம்பி, சதுர அங்குலத்துக்கு இரண்டு முதல் ஆறு இறாத்தல் வரையான மெல்லிய அமுக்கத்தோடு அதனைக் கிண்ணத்துக்குள் விடுகிறது. கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து வாயிலை அடைத்துவிடும். கிண்ணத்துள் நிற்கும் பெற்றோலின்மேல் இருப்பது வளிமண்டல அமுக்கம் மட்டுமே. ஆகவே பம்பி ஆறு இறாத்தலோடு தந்தாலென்ன, மூன்று இறாத்தலோடு தந்தாலென்ன, கிண்ணம் வற்றாதிருக்கும் வரையில் எஞ்சினுக்குச் செல்லும் அளவு மாறாது. அளக்கும் தொழில் கிண்ணத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. மிதவைக் கிண்ணம் ஒரு சிறு குளம். குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் அகன்றதோ ஒடுங்கியதோ, மதகைத் திறப்பவனுக்குக் கவலையில்லை. நம்மூர்ப் பழைய கார்கள் எத்தனையோ அவலங்களைத் தாங்கியமைக்குரிய காரணங்களுள் இக்குளமும் ஒன்று.

எனின், இத்துணை நல்ல ஏற்பாட்டை ஏன் கைவிட்டனர்? முதற்காரணம் ஆகாயத்தில் எழுந்தது. 1940ஆம் ஆண்டுப் பிரித்தானிய வான்போரில் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்கள் மேர்லின் எஞ்சினைக் கொண்டிருந்தன. அவ்வெஞ்சினில் இருந்தது மிதவைக் காபுரேற்றர். விமானி விமானத்தின் மூக்கைச் சடுதியாகக் கீழே தாழ்த்தினாற் கிண்ணத்துப் பெற்றோல் மேலே எழும்பிவிடும். எஞ்சின் முதலிற் பட்டினி கிடக்கும். பின்னர் மிதவை நிலைதடுமாறப் பெற்றோல் வெள்ளமாய்ப் புகுந்து எஞ்சினை மூச்சடைக்கச் செய்யும். எதிரியின் மெஸ்ஸர்ஸ்மிற் 109 விமானமோ டைம்லர் பென்ஸ் எஞ்சினைக் கொண்டது. அதிற் பெற்றோல் பம்பியின் அமுக்கத்தால் உருளைகளுக்குள் நேரே செலுத்தப்பட்டது. அதற்கு மேலும் கீழும் ஒன்றே. அவ்விமானம் நேரே பாய்ந்து தப்பும். பின்தொடரும் பிரித்தானிய விமானியோ முதலிற் புரண்டு, பின்பே பாய வேண்டும்.

இக்குறைக்கு ஓரளவு பரிகாரம் கண்டவர் பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர். பான்பரோவிலுள்ள அரச விமான ஆய்வு நிலையத்திற் கடமையாற்றிய அவர், 1941இல் நடுவே துளையுள்ள ஒரு சிறு உலோகத் தட்டைப் பெற்றோற் குழாயிற் பொருத்தச் செய்தார். எஞ்சின் தன் முழு வலுவுக்கும் வேண்டிய அளவை மட்டும் விடுமாறு அத்துளை கணக்கிடப்பட்டிருந்தது. வெள்ளம் நின்றது. ஒரு போரின் போக்கில் ஒரு துளையின் விட்டத்துக்கும் பங்குண்டு என்று வகுப்பிற் கூறினால் மாணவர் சிரிப்பர். ஆயினும் அது மெய்.

பெற்றோலை அமுக்கத்தாற் செலுத்தும் கலை டீசல் எஞ்சினிடம் கடன் பெற்றது. றூடோல்ப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிய எஞ்சினில் எண்ணெயை உட்புகுத்த அழுத்திய காற்று வேண்டியிருந்தது. அக்காற்றைத் தரும் பொறியின் பாரத்தால், அத்தகைய எஞ்சின் தொழிற்சாலையிலும் கப்பலிலும் இருத்தற்கே ஏற்றதாயிற்று. றொபேட் பொஸ்ச் நிறுவனம் 1922இல் ஆராய்ச்சி தொடங்கி, 1927இற் பெருந்தொகையாகச் செய்யத் தலைப்பட்ட சிறிய உட்செலுத்தற் பம்பியே டீசல் எஞ்சினை வீதிக்குக் கொணர்ந்தது. அதே நிறுவனத்தின் அனுபவம் போர்க்காலத்தில் விமானத்துக்கும், போர் முடிந்தபின் காருக்கும் பயன்பட்டது. 1950களின் தொடக்கத்திற் குட்புரோட், கோலியாத் என்னும் இரு சிறிய ஜேர்மன் கார்களிலும், 1954இற் புகழ்பெற்ற மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரிலும் பெற்றோலை உருளைக்குள் நேரே செலுத்தும் பம்பிகள் பொருத்தப்பட்டன. அவை நுணுக்கமும் விலையும் மிக்கவை. பந்தயக்காரர்க்கும் செல்வர்க்கும் ஏற்றவையாயிருந்தனவேயன்றி, வாத்தியார் ஒருவர் வாங்கும் காருக்கு ஏற்றவை அல்ல.

அமெரிக்காவில் வேறொரு வழியை முயன்றனர். பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் வெளிப்படுத்திய எலெக்ட்ரோஜெக்டர் என்னும் முறைமையில், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு தெளிப்பான் வைத்து, அதனை மின்சாரத்தாற் கணநேரம் திறந்து மூடினர். இன்று நம் கராச்சுகளில் இன்ஜெக்டர் என வழங்குவது இத்தெளிப்பானின் வழிவந்ததே. எண்ணம் சிறந்தது, காலம் முந்திவிட்டது. 1958இற் கிறைஸ்லர் நிறுவனத்தார் ஏறத்தாழ 35 கார்களில் இதனைப் பொருத்தினர். அக்காலத்து இலத்திரனியல் உறுப்புகள் வெம்மையையும் ஈரத்தையும் தாங்காமையால், அவற்றுட் பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டுக் காபுரேற்றருக்கே மாற்றப்பட்டன. பெண்டிக்ஸின் உரிமைகள் பின்னர் பொஸ்ச் நிறுவனத்தின் கைக்கு வந்தன.

இவ்விடத்தில் அமெரிக்காவின் மற்றொரு நிகழ்ச்சி குறுக்கிடுகிறது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டம் பொறுத்தற்கரியதாகவே, கலிபோர்ணிய மாநிலம் 1967இற் காற்றுவள அவையொன்றை நிறுவிற்று. 1970இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அச்சந்தையிற் கார்களை விற்க விரும்பிய ஜேர்மானியர்க்கு, புகையைக் குறைக்கும் எஞ்சின் அவசியமாயிற்று. 1967இல் வொல்க்ஸ்வாகன் 1600 காரிற் பொருத்தப்பட்ட பொஸ்ச்சின் டி-ஜெற்றோனிக் என்னும் முறைமை இத்தேவையிற் பிறந்தது. வேகத்துக்காகவும் போருக்காகவும் தேடப்பட்ட கலை, முடிவில் நகரத்தாரின் மூச்சுக்காகப் பரவியது என்பதே உண்மை. பொறியியல் நூல்கள் இதனை ஒரு வரியிற் கூறிக் கடப்பது எனக்கு உடன்பாடன்று.

டி என்பது அமுக்கத்தைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. எனினும் அது பெற்றோலின் அமுக்கமன்று. எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாயிலுள்ள காற்றின் அமுக்கமே அங்கு அளக்கப்பட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதனையும், எஞ்சின் சுழலும் வேகத்தையும், வெப்பநிலையையும் அறிந்து, தெளிப்பான் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். பெற்றோலின் அமுக்கமோ ஏறத்தாழ 2 பார், அஃதாவது சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல், என்று ஒரு சீராக்கியால் நிறுத்தப்பட்டிருந்தது. அது அவ்வாறே நிற்கிறதா என்று பெட்டி கேட்பதில்லை. நிற்கிறது என்று நம்பிக்கொள்கிறது.

இதுவே நம் வினாவுக்கு விடை. துளையொன்றினூடே திரவம் பாயும் விரைவு அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்பது 17ஆம் நூற்றாண்டிலே ரொறிசெல்லி காட்டிய விதியின் வழிவந்த முடிபு. பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர். தெளிப்பான் திறந்திருக்கும் நேரம் மாறாதிருக்க, அமுக்கம் 2.8இலிருந்து 1.9 ஆகக் குறைந்தால், உள்ளே செல்லும் பெற்றோல் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குறையும். கட்டுப்பாட்டுப் பெட்டியோ தான் விதித்த நேரம் கொடுத்தாயிற்று என்று அமைதியாயிருக்கும். காபுரேற்றரில் அளவைக்குப் புறத்தே நின்ற பம்பி அமுக்கம், இங்கே அளவையின் ஒரு பாதியாகிவிட்டது. குளம் அகற்றப்பட்டு, வாய்க்காலே மதகாயிற்று.

அடுத்துவந்த முறைமைகளும் இந்நம்பிக்கையினின்று விலகவில்லை. 1974இல் வந்த எல்-ஜெற்றோனிக் உட்செல்லும் காற்றின் அளவை ஒரு மடலால் நேரே அளந்தது. அதன் அமுக்கம் பொதுவாக 2.5 பார். சீராக்கியை உள்ளெடுப்புக் குழாயோடு ஒரு சிறு றப்பர்க் குழாயால் இணைத்து, தெளிப்பானின் இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள அமுக்க வேறுபாடு எந்நிலையிலும் ஒன்றாயிருக்குமாறு செய்தனர். இவ்வழியையே ஜப்பானியர் பொஸ்ச் உரிமம் பெற்றுத் தம் கார்களுக்குக் கொணர்ந்தனர். 1975இல் நிசான் நிறுவனத்தின் டற்சன் 280இசட் கார் ஐக்கிய அமெரிக்காவில் இம்முறைமையுடன் விற்பனைக்கு வந்தது.

1973இல் வந்த கே-ஜெற்றோனிக் வேறு வகையினது. அதிலே தெளிப்பான்கள் இடையறாது தூவிக்கொண்டிருக்கும். அளவையை ஒரு சிறு தண்டு மேலும் கீழும் அசைந்து தீர்மானிக்கும். அதன் முதன்மை அமுக்கம் 5 பார் அளவிலானது. அத்தண்டை மேலிருந்து அமுக்கும் கட்டுப்பாட்டு அமுக்கம் என்னும் இரண்டாவதொன்றும் அங்கே உண்டு. இவ்விரண்டாவது குறைந்தால் தண்டு மிக உயர்ந்து, பெற்றோல் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். எஞ்சினை நிறுத்தியபின் குழாய்களில் எஞ்சி நிற்க வேண்டிய மூன்றாவது அமுக்கமும் ஒன்றுண்டு. அது கசிந்து போனாற் சூடான குழாய்களிற் பெற்றோல் ஆவியாகி, கடைக்குச் சென்று திரும்புவதற்குள் கார் இயங்க மறுக்கும். ஆதலின் ஒரு பழைய வொல்வோ அல்லது மெர்சிடிஸ் காரைக் காட்டி “அமுக்கம் குறைவு” என்று ஒருவர் கூறினால், எந்த அமுக்கம் என்று கேட்டல் வேண்டும். மூன்றுக்கும் நோய்க்குறி வேறு, மருந்தும் வேறு.

1976இல் வொல்வோ நிறுவனத்தார் கலிபோர்ணியாவுக்கென அனுப்பிய கார்களிலே ஒட்சிசன் உணரி முதன்முதல் இடம்பெற்றது. புகைக்குழாயில் எஞ்சும் ஒட்சிசனை அது நுகர்ந்து, கலவை மெலிந்ததா தடித்ததா என்று சொல்லும். இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. பெற்றோல் அமுக்கம் சிறிது குறைந்தால், உணரி கலவை மெலிந்ததென்று அறிவிக்க, பெட்டி தெளிப்பானைச் சற்றுக் கூடிய நேரம் திறந்து குறையை மறைத்துவிடும். காரோட்டி ஒன்றும் அறியார். ஆனால் முழு வலுவை வேண்டி மிதியை அழுத்தும்போது பெட்டி உணரியைக் கேளாது தன் பட்டியலின்படியே நடக்கும். அவ்வேளையிற் காற்றின் 12 அல்லது 13 பங்குக்குப் பெற்றோல் ஒரு பங்கு என்று எஞ்சின் வேண்டி நிற்க, காற்று 15 பங்குக்கும் மேலாகிவிடும். மெல்லச் செல்கையிற் குற்றமற்றிருந்த கார் முந்தும்போது திணறுவதன் இரகசியம் இதுவே.

எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளின் அமுக்கத்தைத் தானே அளக்கும் வழக்கம், பெருவமுக்க முறைமைகளோடுதான் பரவிற்று. 1997இல் அல்பா றோமியோ 156 காரில் வந்த பொதுக்குழாய் டீசல் முறைமையில் அமுக்க உணரி இன்றியமையா உறுப்பு. ஆகவே 1967 தொடக்கம் அந்நூற்றாண்டின் இறுதி வரையில் எழுந்த பெற்றோற் கார்கள் ஓர் இடைக்காலத்தைச் சேர்ந்தவை. அவை காற்றையும், வெம்மையையும், வேகத்தையும், புகையையும் அளந்தன. யாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை மட்டும் அளவாது நம்பின. நம் வீதிகளில் இன்றும் ஓடும் பழைய ஜப்பானியக் கார்கள் பல அவ்விடைக்காலத்துப் பிள்ளைகளே.

நிற்க. என் காருக்கு வருவோம்.

ஊரிலே எல்லாரும் ஒருவாய்ப்படக் கூறியது: “2022இல் அடித்த பெற்றோல் கூடாது, கானில் வைத்திருந்து ஊற்றியது, தாங்கியின் அடி வரை ஓடினீர்கள், மண்டி ஏறிவிட்டது.” இக்கூற்றில் நியாயமில்லாமலில்லை. தாங்கிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்பி, தன்னைச் சூழ்ந்த பெற்றோலாலேயே குளிர்மை பெறுகிறது. தாங்கியை வற்ற வற்ற ஓட்டினால் அது சூடேறித் தேயும். அடியிலுள்ள மண்டி வடிவலையை அடைக்கும். யானும் நம்பினேன். பணம் பெற்றுக்கொண்ட கராச்சில் முதலிற் பிளக்குகளை மாற்றினர். பின்பு காற்று வடியை. பின்பு பெற்றோல் வடியை. ஈற்றிற் பம்பியையே மாற்றினர். ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி சென்றது. கார் முன்போலவே திணறிற்று. ஒரு தடவையாவது அமுக்கமானியை வைத்துப் பார்த்தாரல்லர். கராச்சில் அமுக்கமானி இருந்தது. அதனைப் பொருத்தும் சிறு இணைப்பு இல்லையாம்.

பின்னர் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அக்குறையைத் தீர்த்தார். அவர் செய்த முறையைச் சற்று விரித்துக் கூறுவேன், இத்தகைய கார் வைத்திருப்போர்க்குப் பயன்படும் என்பதனால்.

முதலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பம்பியின் றிலேயைக் கழற்றினார். குழாயிலிருந்த பெற்றோல் தீர்ந்து எஞ்சின் தானே நின்றது. அமுக்கம் நிற்கும் குழாயை அப்படியே திறந்தாற் பெற்றோல் சூடான எஞ்சின்மேற் பீறிட்டுப் பாயும். தீயில் முடிந்த கதைகள் உண்டு. திறந்த வெளி, கையில் துணி, அருகே தீயணைக்கும் கருவி. பீடி பிடிப்போரைத் தூரத்தே நிறுத்தினோம். பின்பு வடிக்கும் தெளிப்பான்களுக்கும் இடையே அமுக்கமானியைப் பொருத்தினார். இதற்கு உட்செலுத்தலுக்கென்றே செய்த தடித்த குழாய் வேண்டும். காபுரேற்றர்க் காருக்குரிய மெல்லிய குழாயை வைத்துக் கட்டுவோர் உளர், அது வெடிக்கும்.

எஞ்சின் சும்மா ஓடும்போது அமுக்கமானி 2.2 பார் அளவைக் காட்டிற்று. சீராக்கியின் றப்பர்க் குழாயைக் கழற்றியதும் 2.7க்கு ஏறிற்று. அஃது ஏற வேண்டியதே. உள்ளெடுப்புக் குழாயின் வெற்றிடம் சீராக்கியை இழுத்துக்கொண்டிருந்தமையாலேயே முன்னது குறைந்திருந்தது. கழற்றிய குழாயினுள் பெற்றோல் ஈரமோ மணமோ இல்லை. ஆகவே சீராக்கியின் மென்தகடு கிழியவில்லை என்றார். கிழிந்திருந்தாற் பெற்றோல் அவ்வழியே எஞ்சினுக்குட் புகுந்து கரும்புகை எழுமாம். இதுவரை யாவும் நன்று. கராச்சில் இவ்வளவும் பார்த்திருந்தால், அமுக்கத்திற் பழுதில்லை என்று முடித்திருப்பர்.

நண்பர் முடிக்கவில்லை. அமுக்கமானியின் குழாயை நீட்டி, அதன் முகத்தைக் கண்ணாடி துடைப்பானோடு சேர்த்துக் கட்டி, றப்பர்க் குழாயையும் திரும்ப மாட்டி, என்னை ஓட்டச் சொன்னார். ஆளரவமற்ற நேர்வீதி. மிதியை முழுதாக அழுத்தினேன். வெற்றிடம் நீங்குதலால் முள் மேலே ஏறியிருக்க வேண்டும். அதுவோ மெல்ல மெல்ல 1.9க்கு இறங்கிற்று. அக்கணமே எஞ்சின் திணறத் தொடங்கிற்று. மாதக்கணக்காக எங்களிடம் ஒளித்திருந்த பழுது ஒரு முள்ளின் வடிவிலே கண்முன் நின்றது.

திரும்பி வந்ததும், தாங்கிக்கு மீளும் றப்பர்க் குழாயைத் துணி சுற்றி ஒரு கணம் நெரித்தார். நெரித்தபோது அமுக்கம் விரைந்து உயர்ந்தால், சீராக்கி பெற்றோலை மிகையாகத் திருப்பி விடுகிறது என்று கொள்ளலாம். தயங்கி ஏறினாற் பம்பியின் பக்கமே குறை. தயங்கியே ஏறிற்று. பம்பியோ புதியது; வடியும் புதியது. அப்படியாயின் பம்பிக்கு உணவு போதவில்லை என்று கூறி, வோல்ற்றுமானியை எடுத்தார். எஞ்சின் ஓடுகையில் மின்கலவடுக்கின் முனையில் 13.6 வோல்ற்று. பின்னிருக்கையின் கீழே, பம்பியின் செருகியில், 9 வோல்ற்றிலும் சற்றே கூட. இடையிலே நாலரை வோல்ற்று எங்கோ வழியிற் களவு போயிற்று.

கம்பியைத் தொடர்ந்து சென்றோம். களவு நிகழ்ந்த இடம் தாங்கியருகே இருந்த ஓர் இணைப்பு. பிளாஸ்ரிக் பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே செப்பு பச்சை பிடித்திருந்தது. பழுப்பு ஒரு மாதத்தில் ஏறியதன்று. பல ஆண்டுகளாக அங்கே வெப்பம் எழுந்திருக்க வேண்டும். இணைப்பை வெட்டியெடுத்துப் புதுக்கம்பி பற்றாசு வைத்தபின் பம்பியில் 13 வோல்ற்று நின்றது. மீண்டும் நேர்வீதிக்குச் சென்றோம். மிதியை அழுத்த முள் 2.7க்கு ஏறி அங்கேயே நின்றது. செலவு நானூறு ரூபா.

ஆகவே 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் குற்றவாளி அன்று. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. பஞ்சத்துக்குப் பின்பு பழுது வெளிப்பட்டமையாற் பஞ்சமே பழுதுக்குக் காரணம் என்று ஊரும் யானும் கராச்சாரும் ஒருங்கே தீர்ப்பளித்துவிட்டோம். முன்னிகழ்ந்தது யாவும் காரணமாகாது என்று ஆண்டுதோறும் உயர்தர வகுப்பில் வாய்வலிக்கச் சொல்பவன் யான் என்பதை எண்ணும்போது நாணமாயிருக்கிறது.

எல்லாக் காருக்கும் இதுவே பழுது என்று கூறேன். தாங்கியினுள்ளே பம்பியையும் மேற்குழாயையும் இணைக்கும் சிறு றப்பர்த்துண்டு வெடித்து, பெற்றோல் தாங்கிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததை நண்பர் வேறொரு காரிற் கண்டிருக்கிறார். இரு பம்பிகள் கொண்ட பழைய ஐரோப்பியக் கார்களில், தாங்கியினுள்ளே இருக்கும் சிறு பம்பி நின்றுபோக, வெளியே உள்ள பெரிய பம்பி தனியே இழுத்து ஓலமிடுவதுண்டு. 1980களிலும் 1990களிலும் வந்த ஜப்பானியக் கார்கள் சிலவற்றில், றிலேயின் உள்ளே பற்றாசு நுண்ணிதாய் வெடித்து, வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் பம்பி இயங்காது; மாலையிற் காற்றுக் குளிர்ந்ததும் ஒன்றுமறியாதது போல இயங்கும். றப்பர்த்துண்டின் வெடிப்பையும் றிலேயின் பழுதையும் பம்பியை மாற்றித் தீர்க்க முடியாது. எந்தக் காருக்கு எத்தனை பார் என்பதை அவ்வக் காரின் திருத்தற் கைந்நூலிற் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1980களிற் செய்த, ஒரே வாயிலிற் தூவும் கார்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 9 முதல் 13 இறாத்தலே சரியான அளவு; அதே அளவு என் காரிற் காட்டியிருந்தால் அது அசைந்தே இராது.

கழற்றிய பழைய பம்பியை யான் எறியவில்லை. தாளிற் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தேன். சென்ற ஆண்டு அயலவர் ஒருவரின் கார் பம்பி இன்றி நின்றபோது, அளவு பொருந்தியமையால் அதனைக் கொடுத்தேன். அவர் அதனைப் பூட்டி, நாள்தோறும் சாவகச்சேரிக்குப் போய் வருகிறார்.